பின்னல் இருக்கிறது, ஸ்டீரிங் காணோம்: வெர்னர் நிலையில் என்னதான் நடக்கிறது?

கேள்வி சுருக்கமாக இதுதான். எம்.எஸ்சி. புராஜெக்டுக்காக இரண்டு க்யூபிட் (இரண்டு விடை மட்டும் தரும் குவாண்டம் துகள்) வெர்னர் நிலையை, அதாவது இரைச்சல் கலந்த ஒரு பின்னிய ஜோடியை, எடுத்துப் பைத்தானில் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். இரைச்சல் போக மிஞ்சும் பங்கான தெளிவு 0.55. பின்னலை அளக்கும் எண்ணான கன்கரன்ஸ் 0.325 என்று வருகிறது, பூஜ்ஜியத்துக்கு மேல்; ஆக இரண்டு துகள்களும் பின்னிக் கிடக்கின்றன. ஆனால் ஒரு துகளை அளந்து தூரத்தில் இருக்கும் மற்றதன் நிலையைத் திருப்புவதை ஸ்டீரிங் என்பார்களே, அதற்காக எக்ஸ், ஒய், இசட் என மூன்று திசைகளில் அளக்கும் அசமன்பாடு மீறப்படவில்லை (மீறினால்தான் ஸ்டீரிங் உறுதி); முன்கூட்டியே எழுதி வைத்த விடைகளால் விளக்கவே முடியாத பொருத்தத்தைத் தேடும் பெல் சோதனையும் தேறவில்லை. "நிரலில் பிழையா, இல்லை இந்த இரைச்சலில் ஸ்டீரிங் செத்தே போய்விட்டதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் இல்லை. 0.55 தெளிவுக்குக் கன்கரன்ஸ் 0.325தான் வர வேண்டும். மூன்று திசை அசமன்பாடு மீறப்படக் கூடாது, பெல்லும் மீறப்படக் கூடாது. நிரல் சரியாகத்தான் ஓடியிருக்கிறது. ஆனால் அந்த நிலையில் ஸ்டீரிங் உயிரோடுதான் இருக்கிறது. அதைப் பிடிக்கும் அளவுக்கு உங்கள் சோதனை கூர்மையாக இல்லை, அவ்வளவுதான். மூன்று திசைக்குப் பதில் ஆறு திசை வைத்துப் பாருங்கள், மீறல் தெரியும். ஏன் மூன்று போதாது, ஏன் நான்கும் போதாது, ஆறு மட்டும் எப்படிப் போதும் என்பதுதான் இதில் ருசியான பகுதி. அதற்கு முன்னால் ஸ்டீரிங் என்று எதைச் சொல்கிறோம் என்பதை நேர்செய்துகொள்வோம். பாதிக் குழப்பம் அங்கேதான் பிறக்கிறது.

1935 மே மாதம் ஐன்ஸ்டைன், பொடோல்ஸ்கி, ரோசன் மூவரும் எழுதிய கட்டுரையின் சாரம் இது: பின்னிய ஜோடியில் ஆலிஸ், பாப் என்ற இருவரிடம் ஆளுக்கு ஒரு துகள் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஆலிஸ் தன் துகளில் எதை அளக்கிறாள் என்பதைப் பொறுத்து, தூரத்தில் இருக்கும் பாபின் துகள் வேறு வேறு வகையான நிலைகளில் போய் விழுகிறது. அதே ஆண்டு ஷ்ரோடிங்கர் இதைப் பொதுமைப்படுத்தி, ஒரு பக்கம் அளப்பவர் மறுபக்கத் துகளை 'ஸ்டீர்' செய்கிறார் என்று எழுதினார். கையே படாத ஒரு துகளை இன்னொருவர் இஷ்டத்துக்குத் திருப்ப ஒரு கோட்பாடு இடம் கொடுக்கிறதே என்று அவருக்குச் சங்கடம்தான். பெயர் வைத்ததோடு சரி. துல்லியமான வரையறை வர 2007 ஆகிவிட்டது. இடையில் 1989-ல் மார்கரெட் ரீட், ஒளிக்கற்றைகளின் அலைவீச்சையும் கட்டத்தையும் (ஃபேஸ்) வைத்து ஆய்வகத்தில் சோதிக்கக்கூடிய ஒரு நிபந்தனை கொடுத்தார். 1992-ல் கிம்பிள் குழு அதைச் செய்தும் காட்டியது. ஆனால் "இந்த நிலையை ஸ்டீர் செய்ய முடியுமா, முடியாதா" என்று எந்த நிலையைப் பற்றியும் கேட்கும் வசதி, வைஸ்மன், ஜோன்ஸ், டோஹர்ட்டி மூவரும் 2007-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் வந்தது.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஸ்டீரிங்கில் ஆலிஸிடமிருந்து பாபுக்கு எந்தச் செய்தியும் போவதில்லை. ஆலிஸ் எதை அளந்தாலும் பாபின் சராசரி நிலை அப்படியேதான் இருக்கும். ஆலிஸின் பதில்களை வைத்துப் பாபின் துகள்களைப் பிரித்து அடுக்கும்போதுதான் வித்தியாசமே கண்ணுக்குத் தெரியும்.

வைஸ்மன் குழுவின் வரையறையை ஒரு வழக்குபோல வைத்துக்கொள்ளலாம். ஆலிஸ், "பின்னிய ஜோடியில் ஒன்றை உனக்கு அனுப்பியிருக்கிறேன்" என்கிறாள். பாபுக்குத் தன் கருவிமேல் முழு நம்பிக்கை. ஆலிஸ்மேலும் அவள் கருவிமேலும் துளிகூட இல்லை. அதனால் துகள் கைக்கு வந்தபிறகு ஒரு திசையைச் சொல்லி, "இந்தத் திசையில் உன் விடை என்ன?" என்று கேட்கிறான். அவள் கூட்டல் அல்லது கழித்தல் என்கிறாள். அவன் தன் துகளை அதே திசையில் அளந்து, பல சுற்றுகளுக்குப் பிறகு இரண்டும் எவ்வளவு பொருந்துகிறது என்று கணக்குப் பார்க்கிறான்.

ஆலிஸ் ஏமாற்ற நினைத்தால் அவளுக்கு ஒரே வழிதான். பின்னலே இல்லாமல், ஒவ்வொரு சுற்றிலும் தனக்குத் தெரிந்த ஒரு திட்டமான நிலையை அனுப்பிவிட்டு, கேள்வி வந்தபின் அதற்குத் தோதாகப் பதில் சொல்வது. 'ஆண் அல்ல பெண்' என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு, குழந்தை பிறந்தபின் அதற்கேற்ற இடத்தில் நிறுத்தி வாசிக்கும் ஜோசியர் செய்வதும் இதுதான். எழுதியதை மாற்ற முடியாது, வாசிப்பைத்தான் மாற்றுகிறார். பாப் பார்க்கும் எல்லாப் பொருத்தத்தையும் இப்படி விளக்கிவிட முடிந்தால் அங்கே ஸ்டீரிங் இல்லை. எந்த ஏமாற்று வித்தையாலும் விளக்க முடியாவிட்டால் இருக்கிறது.

பெல் சோதனையோடும் பின்னலோடும் இதற்கு என்ன உறவு என்பது இப்போது தானாகத் தெரியும். இரண்டு பேர் கருவியையும் நம்பலாம் என்றால் பின்னலைக் கண்டுபிடித்தாலே போதும். ஒருவர் கருவியை மட்டும் நம்பலாம் என்றால் ஸ்டீரிங் வேண்டும். யாரையும் நம்ப முடியாது என்றால் பெல் அசமன்பாடு மீறப்பட வேண்டும். நம்பிக்கை குறையக் குறைய, நிலை இன்னும் சுத்தமாக இருந்தாக வேண்டும். பெல்லில் தேறும் நிலை ஸ்டீரிங்கில் தேறும், ஸ்டீரிங்கில் தேறுவது பின்னலில் தேறும். தலைகீழாகப் போனால் கிடையாது. "ஸ்டீரிங் என்பது பலமான பின்னல்" என்று சில விளக்கவுரைகளில் பார்ப்பீர்கள். எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடில்லை. பலம் என்று சொன்னால் நிலைக்குள் இருக்கும் ஒரு பொருளின் அளவு மாதிரித் தோன்றும். இங்கே மாறுவது சாட்சியை யார் நம்புகிறார்கள் என்பது.

சரி, கணக்குக்கு வருவோம். வெர்னர் நிலை என்பது சிங்லெட் ஜோடியையும் (எந்தத் திசையில் அளந்தாலும் எதிரெதிர் விடை தரும் முழுப் பின்னல்) வெறும் இரைச்சலையும் கலந்த கலவை. தெளிவு 0.55 என்றால் 100 ஜோடியில் 55 சுத்தமான சிங்லெட், மீதி 45-ல் இரண்டு துகளுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆலிஸ் நேர்மையாக ஒரு திசையில் அளந்து 'கூட்டல்' என்றால், பாபின் க்யூபிட்டைக் குறிக்கும் ப்ளோக் அம்பு (க்யூபிட்டின் நிலையை 1 ஆரமுள்ள ப்ளோக் கோளத்துக்குள் காட்டும் அம்பு) அதற்கு நேர் எதிர்த் திசையைக் காட்டும்; அதன் நீளம் 0.55. நீளம் 1 என்றால் பாபின் நிலை முழுதாகத் தெரியும், 0 என்றால் ஒன்றுமே தெரியாது. வெர்னர் நிலையின் அழகே இதுதான்: எந்தத் திசையில் கேட்டாலும் அம்பின் நீளம் அதே தெளிவு எண்தான்.

இப்போது ஏமாற்றும் ஆலிஸ் எவ்வளவு நீள அம்பைப் போலியாக உண்டாக்க முடியும்? அவள் கோளத்தின் மேல் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவிய திட்டமான நிலைகளை ஒவ்வொன்றாக அனுப்புகிறாள். பாப் 'மேல்-கீழ்' திசையைக் கேட்டால், அனுப்பிய அம்பு கீழ் அரைக்கோளத்தில் இருந்தால் 'கூட்டல்' என்கிறாள், மேல் அரைக்கோளத்தில் இருந்தால் 'கழித்தல்' என்கிறாள். ஆக, அவள் 'கூட்டல்' என்ற சுற்றுகளில் பாபிடம் இருப்பவை கீழ் அரைக்கோளம் முழுக்கச் சிதறிய அம்புகள். அவற்றின் சராசரி என்ன? கோளத்தைச் சம தடிமன் வளையங்களாக வெட்டினால் எல்லா வளையத்துக்கும் ஒரே மேற்பரப்புதான் என்பது ஆர்க்கிமிடீஸ் காலத்துக் கணக்கு. அப்படியானால் அம்பு முனைகளின் ஆழம் 0-க்கும் 1-க்கும் நடுவில் சமமாகப் பரவியிருக்கும், சராசரி 1/2. ஆலிஸ் எந்தப் பின்னலும் இல்லாமலே, எல்லாத் திசையிலும் 0.5 நீள அம்பைக் காட்டிவிடுகிறாள்!

இதைவிடக் கெட்டிக்காரத்தனமாக ஏமாற்ற முடியாதா? முடியாது. அவள் அனுப்பும் எந்த அம்பை எடுத்தாலும், பாப் திசையைக் கோளம் முழுக்கச் சமமாகத் தேர்ந்தெடுத்தால், அந்த அம்பு கேட்ட திசையோடு சராசரியாகப் பாதிதான் பொருந்தும். அதே அரைக்கோளக் கணக்கை மறுபக்கம் நின்று பார்ப்பதுதான் இது. ஆக எல்லை துல்லியமாக 1/2. தெளிவு அதற்கு மேல் இருந்தால் ஸ்டீரிங் உண்டு, அதற்குக் கீழோ சமமாகவோ இருந்தால் கிடையாது. உங்கள் 0.55 கோட்டுக்கு மேலேதான் நிற்கிறது.

ரைன்ஹார்ட் வெர்னர் 1989-ல் செய்ததும் அடிப்படையில் இந்தக் கணக்குதான். பின்னல் இருந்தும் பெல் அசமன்பாட்டை மீற முடியாத நிலைகள் உண்டு என்று காட்ட அவர் இதை எழுதினார். அது ஸ்டீரிங்குக்கான எல்லை என்பதைப் பின்னால் 2007 கட்டுரை எடுத்துச் சொன்னது. ஒரு சின்ன ஓட்டை மட்டும் பல ஆண்டு திறந்தே கிடந்தது. மேலே சொன்ன கணக்கு கூட்டல்-கழித்தல் என்று இரண்டே விடை தரும் சாதாரண அளவீடுகளுக்கு. ஆலிஸ் இன்னும் பொதுவான, பல விடை தரும் அளவீடுகளைச் செய்தால் 1/2-க்குக் கீழேயும் ஸ்டீர் செய்ய முடியுமோ என்ற சந்தேகம் நீங்கவில்லை. 2002-ல் ஜொனாதன் பாரெட் 5/12 வரை முடியாது என்று காட்டியிருந்தார். மீதி இடைவெளி 2024-ல் மூடப்பட்டது. யூஜியே ஷாங்கும் எரிக் சிடாம்பரும் ஒரு பக்கம், மார்ட்டின் ரென்னர் தனியாக இன்னொரு பக்கம், எல்லை அதே 1/2தான் என்று நிறுவினார்கள். இவ்வளவு எளிய கேள்விக்கு இவ்வளவு காலம்.

இனி உங்கள் மூன்று திசைக்கு வருவோம். பாப் எந்தத் திசையையும் கேட்கலாம் என்றபோதுதான் ஆலிஸின் ஏமாற்று 0.5-ல் நின்றது. எக்ஸ், ஒய், இசட் மட்டும்தான் கேட்பான் என்று அவளுக்குத் தெரிந்தால் கோளம் முழுக்க அம்பு அனுப்ப வேண்டிய அவசியமே இல்லை. மூன்று அச்சுக்கும் சம தூரத்தில் இருக்கும் மூலைகளைப் பார்த்து அம்பு அனுப்புவாள். அந்த அம்புக்கு ஒவ்வொரு அச்சிலும் 1/√3 நீளம் கிடைக்கும், அதாவது 0.577. உங்கள் 0.55 அதைவிடக் குறைவு. நேர்மையான ஆலிஸைவிட ஏமாற்றுக்காரி அதிக மதிப்பெண் வாங்குகிறாள்; பிறகு அசமன்பாடு எப்படி மீறும்? இரண்டு திசை மட்டும் என்றால் இன்னும் மோசம், 1/√2, அதாவது 0.707.

நான்கு திசை வைத்தால் எல்லை இறங்கும் என்றுதான் தோன்றும். கனசதுரத்தின் எட்டு மூலைகளைச் சேர்க்கும் நான்கு மூலைவிட்டங்களை எடுங்கள். இங்கே ஆலிஸ் எக்ஸ் அச்சிலேயே அம்பை வைத்தால் போதும், நான்கு திசையிலும் அதே 1/√3 பொருத்தம். எல்லை துளிகூட இறங்கவில்லை! ஆறு திசைக்கு இருபதுமுகியின் எதிரெதிர் முனைகளைச் சேர்க்கும் கோடுகளை எடுத்தால்தான் எல்லை (1+√5)/6 ஆகிறது, அதாவது 0.5393. அம்பை ஒரு முனையிலேயே வைத்தால் அந்தத் திசையில் 1, மற்ற ஐந்தில் ஆளுக்கு 1/√5. கூட்டி ஆறால் வகுத்துப் பாருங்கள். 0.55 இதைத் தாண்டிவிடுகிறது. பன்னிருமுகியின் பத்துத் திசைக்கு எல்லை 0.5236. திசைகளை ஏற்றிக்கொண்டே போனால் மெதுவாக 0.5-ஐ நெருங்கும்.

இது காகிதக் கணக்கு மட்டுமில்லை. பிரிஸ்பேனில் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் சாண்டர்ஸ், ஜோன்ஸ், வைஸ்மன், பிரைட் குழு 2010-ல் ஃபோட்டான் ஜோடிகளில் வேண்டுமென்றே இரைச்சல் கலந்து, இந்த 2, 3, 4, 6, 10 திசைத் தொகுப்புகளையே வைத்துச் செய்து காட்டியது. பெல் அசமன்பாட்டை மீறவே முடியாத நிலைகளில் ஸ்டீரிங் தெரிந்தது. உங்கள் புராஜெக்டுக்கு நேரடி முன்மாதிரி இதுதான்.

0.5-க்கு மேலும் கீழும் என்ன இருக்கிறது என்பதைச் சற்று வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போட்டது சிஎச்எஸ்எச் வடிவப் பெல் சோதனை, இருவரும் ஆளுக்கு இரண்டு திசையில் அளப்பது. அதில் வெர்னர் நிலையின் மதிப்பு 2√2-ஐத் தெளிவால் பெருக்கினால் வருவது. மீறல் என்றால் 2-ஐத் தாண்டுவது; அதற்குத் தெளிவு 0.707-க்கு மேல் வேண்டும். வேறு பெல் அசமன்பாடுகள் இதைவிடக் கொஞ்சம் கீழே இறங்கும். கொஞ்சம் என்றால் உண்மையிலேயே கொஞ்சம்தான். 2008-ல் வெர்டேசி ஆளுக்கு 465 அளவீடு வைத்து 0.7056-க்கு இறக்கினார். இன்றைக்குத் தெரிந்த நிலவரம்: சாதாரண அளவீடுகளுக்கு 0.6875 வரை பெல் மீறல் சாத்தியமே இல்லை, 0.6961-க்கு மேல் உண்டு. நடுவில் உள்ள மெல்லிய பட்டையில் விடை தெரியாது. ஸ்டீரிங்குக்கு எல்லை துல்லியமாகத் தெரிந்தும் பெல்லுக்குத் தெரியவில்லை என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும்.

கீழ்ப்பக்கம், பின்னலின் எல்லை 1/3. ஆஷர் பெரஸும் ஹொரடெக்கி குடும்பமும் 1996-ல் கொடுத்த பகுதி இடமாற்றச் சோதனையில் (நிலையின் அணியில் ஒரு துகளின் பகுதியை மட்டும் திருப்பிப் போட்டுப் பார்ப்பது) இது இரண்டே வரியில் வந்துவிடும். படமாகப் பார்க்க விரும்பினால் இன்னொரு வழி உண்டு. ஆலிஸ் தன் பக்கம் என்னென்ன அளந்தாலும் பாபின் அம்பு முனை எங்கெல்லாம் போகும் என்று குறித்தால் ப்ளோக் கோளத்துக்குள் ஒரு நீள்கோளம் கிடைக்கும். 2014-ல் யெவ்டிக், பியூசி, ஜென்னிங்ஸ், ருடால்ஃப் நால்வரும் காட்டியது: அந்த நீள்கோளம், ப்ளோக் கோளத்துக்குள் அடங்கும் ஏதாவதொரு நான்முகிக்குள் அடங்கினால் பின்னல் இல்லை, அடங்காவிட்டால் உண்டு. வெர்னருக்கு அது தெளிவையே ஆரமாகக் கொண்ட உருண்டை. ஒழுங்கான நான்முகிக்குள் அடங்கும் மிகப் பெரிய உருண்டையின் ஆரம் 1/3. முடிந்தது கதை. இதற்கு 'ஸ்டீரிங் நீள்கோளம்' என்று பெயர் வைத்ததுதான் தொல்லை. ஸ்டீரிங்கே இல்லாத நிலைக்கும் அது இருக்கும். அதைப் பார்த்து ஏமாந்து விடாதீர்கள்.

1/3-க்கும் 1/2-க்கும் நடுவில் உள்ள நிலைகள் பயனற்றவை என்றும் நினைக்க வேண்டாம். தெளிவு 0.4 உள்ள ஜோடியை வைத்து டெலிபோர்ட்டேஷன் (ஒரு க்யூபிட்டின் நிலையைத் தூரத்தில் இருக்கும் இன்னொன்றுக்கு மாற்றுவது) செய்தால் சராசரித் துல்லியம் 0.70 வரும், பின்னல் இல்லாமல் எட்டக்கூடியது 2/3தான். 1/3-க்குக் கீழே போனாலும் டிஸ்கார்ட் என்று 2001-ல் அறிமுகமான, பின்னல் இல்லாத குவாண்டம் தொடர்பையும் அளக்கும் எண் பூஜ்ஜியமாவதில்லை. தெளிவு கடுகளவு இருந்தாலும் அது இருக்கும். அது எதற்குப் பயன்படும் என்பது வேறு பேச்சு, இங்கே வேண்டாம்.

அப்புறம், "நேரம் போகப் போக எது முதலில் சாகும்?" என்று கேள்வியின் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தீர்கள். ஒரு க்யூபிட் மட்டும் எல்லாத் திசையையும் சமமாகக் கலக்கும் இரைச்சலில் மாட்டி, தெளிவு அடுக்குக்குறி முறையில் தேய்கிறது என்று வைப்போம். தெளிவு பாதியாக 10 மைக்ரோ நொடி ஆகட்டும். சுத்தமான சிங்லெட்டில் தொடங்கினால் சிஎச்எஸ்எச் மீறல் 5 மைக்ரோ நொடியில் நின்றுவிடும். உங்கள் மூன்று திசைச் சோதனை 7.9-ல் கைவிரிக்கும், ஆறு திசை 8.9-ல், பத்துத் திசை 9.3-ல். ஸ்டீரிங் உண்மையில் போவது 10-ல். பின்னல் 15.8 வரை தாங்கும். உங்கள் 0.55 என்பது 8.6-ஆவது மைக்ரோ நொடி. மூன்று திசை குருடாகி, ஆறு திசைக்கு இன்னும் கண் தெரியும் இடம். இரண்டு க்யூபிட்டும் ஒரே மாதிரி இரைச்சலில் இருந்தால் எல்லா நேரமும் பாதியாகும். பின்னல் மெல்ல மெல்லத் தேய்ந்து முடிவிலியில் மறையாமல், குறிப்பிட்ட நேரத்தில் பட்டென்று நிற்பதை யூவும் எபர்லியும் 2004-ல் பேசத் தொடங்கினார்கள். 2007-ல் ரியோ டி ஜெனிரோவில் அதைப் பரிசோதனையில் பார்த்தார்கள். ஸ்டீரிங்குக்கும் இதே கதிதான், கொஞ்சம் முன்னதாக.

ஆனால் இதை எல்லா இரைச்சலுக்கும் பொருந்தும் விதியாக எடுத்துக்கொண்டால் அடி வாங்குவீர்கள். கட்டத்தை மட்டும் குலைக்கும் இரைச்சலை எடுங்கள், டீஃபேசிங் என்பார்களே, அது. இசட் திசைப் பொருத்தம் 1 ஆகவே இருக்கும். எக்ஸ், ஒய் பொருத்தங்கள் மட்டும் தேயும். அவை 0.1-க்கு இறங்கினாலும் சரியான திசைகளைத் தேர்ந்தால் சிஎச்எஸ்எச் மதிப்பு 2√1.01, அதாவது 2-ஐவிட ஒரு மயிரிழை மேல். ஆக பெல், ஸ்டீரிங், பின்னல் மூன்றும் கடைசிவரை சேர்ந்தே இருக்கின்றன. மேலே பார்த்த வரிசையே இங்கே இல்லை. இதே நிலைக்கு உங்கள் மூன்று திசைச் சோதனையைப் போட்டால், எக்ஸ், ஒய் பொருத்தம் 0.366-க்குக் கீழே போனதுமே "ஸ்டீரிங் இல்லை" என்று சொல்லிவிடும். மூன்று திசைக்கும் சம எடை கொடுத்ததுதான் காரணம். ஒய்-ஐ விட்டுவிட்டு, இசட்டுக்கு எடை 1, எக்ஸுக்கு அதன் பொருத்த அளவே எடை என்று கொடுத்துப் பாருங்கள், எவ்வளவு தேய்ந்தாலும் மீறல் தெரியும்.

ஃபோட்டான் தொலைவது இன்னொரு கதை. இங்கே பாப் தொலைத்தால் பரவாயில்லை. அவன் கருவி நம்பகமானது, அந்தச் சுற்றைத் தூக்கிப் போடலாம். ஆலிஸ் "எனக்கு ஒன்றும் வரவில்லை" என்றால்தான் ஆபத்து. மூன்று திசைச் சோதனையில் அவள் ஏதாவது ஒரு அச்சில் அம்பை அனுப்பிவிட்டு, அந்த அச்சைக் கேட்டால் மட்டும் பதில் சொல்லி, மற்றதற்கெல்லாம் "வரவில்லை" என்றால், பதில் சொன்ன சுற்றுகளில் பொருத்தம் நூற்றுக்கு நூறு! அதனால் ஆலிஸ் பதில் தரும் விகிதம் 1/3-ஐத் தாண்ட வேண்டும். பத்துத் திசை என்றால் 1/10-ஐத் தாண்டினால் போதும். திசைகளைக் கூட்டிக் கூட்டி எவ்வளவு இழப்பையும் சமாளிக்கலாம் என்பதால்தான் 2012-ல் அதே கிரிஃபித் குழு 1 கிலோமீட்டர் ஒளியிழையைத் தாண்டி, இந்த ஓட்டையை அடைத்து ஸ்டீரிங்கைக் காட்ட முடிந்தது. சிங்லெட்டை வைத்து சிஎச்எஸ்எச் செய்ய 82.8 சதவீதத்துக்கு மேல் கண்டறிதல் திறன் வேண்டும் என்பதோடு ஒப்பிட்டால் இதன் அருமை புரியும். ரகசியச் சங்கேதச் சாவியை இருவர் பகிர்ந்துகொள்ளும் சாவிப் பரிமாற்றத்திலும் இதே லாபம்: ஒரு பக்கக் கருவியை மட்டும் நம்பும் முறைக்கு 65.9 சதவீதத் திறன் போதும் என்று பிரான்சியார் குழு 2012-ல் கணக்கிட்டது.

இழப்பு ஒரு பக்கம் மட்டும் அதிகமாக இருந்தால் வேடிக்கையான ஒன்று நடக்கும். ஆலிஸால் பாபை ஸ்டீர் செய்ய முடியாது, பாபால் ஆலிஸை முடியும். பின்னலுக்கும் பெல்லுக்கும் இப்படி ஒருவழிப் பாதை என்ற பேச்சே கிடையாது. ஹனோவரில் 2012-ல் ஒளிக்கற்றைகளில் இதைக் காட்டினார்கள், காஸியன் என்ற ஒருவகை அளவீடுகளுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு. அந்த நிபந்தனை இல்லாமல் 2016-ல் கிரிஃபித்தில் காட்டினார்கள்; அவர்கள் எடுத்துக்கொண்டதும் வெர்னர் நிலைதான், ஒரு பக்கம் இழப்பைச் சேர்த்தது. உங்களுக்கு நேரமிருந்தால் புராஜெக்டில் ஒரு அத்தியாயமாக இதைச் சேருங்கள். நிரலில் பெரிய மாற்றம் வேண்டியதில்லை.

நிரலில் இரண்டு இடம் கவனியுங்கள். ஒன்று, எண்ணிக்கையை வகுக்கும் இடம். ஆலிஸ் பதில் தராத சுற்றுகளைக் கழித்துவிட்டு, இருவருக்கும் விடை கிடைத்த சுற்றுகளின் எண்ணிக்கையால் மட்டும் வகுத்தால் மேலே சொன்ன ஏமாற்றை நீங்களே உள்ளே விட்டமாதிரி. இரண்டாவது, பொதுவான நிலைகளுக்குப் போகும்போது கையால் எழுதிய அசமன்பாட்டை விட்டுவிட்டு எஸ்டிபி எனும் அரைநேர்ம நிரலாக்கத்துக்கு (அணிகளை வைத்துச் செய்யும் ஓர் உகப்பாக்க முறை) மாறுங்கள். சிவிஎக்ஸ்பை என்ற பைத்தான் தொகுப்பில் இருபது வரிதான். கொடுத்த திசைகளுக்கு ஏமாற்ற வழி உண்டா இல்லையா என்று அது திட்டவட்டமாகச் சொல்லிவிடும். ஆலிஸின் ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட வேண்டியிருப்பதால் 10 திசைக்கு 1,024 உத்தி, 20 திசைக்கு 10 லட்சத்துக்கு மேல். மடிக்கணினியில் 12-க்கு மேல் போக வேண்டாம். வெர்னர் நிலைக்கும் இந்தச் சமச்சீர் திசைகளுக்கும் எஸ்டிபி-யும் அதே 0.5393, 0.5236 எண்களைத்தான் தரும். அதை நிரல் சரிபார்ப்பாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

வரைபடம் போடும்போது கிடைமட்ட அச்சில் தெளிவை வைத்து 1/3, 1/2, 0.5236, 0.5393, 0.577, 0.707 ஆகிய இடங்களில் கோடு போடுங்கள். 0.55-ஐப்போலவே 0.52-லும் ஒரு புள்ளி எடுங்கள். அங்கே பத்துத் திசையும் தோற்கும், ஆனால் நிலை ஸ்டீரிங் எல்லைக்கு மேலேதான் இருக்கும். அந்தப் புள்ளிக்குக் கீழே "ஸ்டீரிங் இல்லை" என்று எழுதாமல் "பத்துத் திசைச் சோதனையில் தெரியவில்லை" என்று எழுதுங்கள். வைவாவில் வெளியிலிருந்து வரும் தேர்வாளர் விவரம் தெரிந்தவராக இருந்தால் முதல் கேள்வியே அந்த வரியில்தான் இருக்கும்.